கீரி வீட்டு வாசலில் கதண்டுக் கூடு

செங்கால் ஏரிக்கரையில் ஒரு மருதமரம். அதன் வேருக்கடியில் ஒரு வளை. அந்த வளையில் சடையன் என்ற கீரியும் அவன் மனைவி மருதாயியும் குடியிருந்தார்கள்.

நல்ல வளை. கரையிலேயே உயரமான இடம் அதுதான். ஏரி நிரம்பி வழிகிற வருஷத்திலும் தண்ணீர் அந்த வாசலைத் தொட்டதில்லை. ஐப்பசி பிறந்தால் கீழ்வளைகளில் இருக்கும் எலிகள் வீட்டைக் காலி செய்துகொண்டு வயல் பக்கம் போகும். சடையனும் மருதாயியும் மட்டும் உள்ளே படுத்துக்கொண்டு மழைச் சத்தத்தைக் கேட்பார்கள்.

குறை ஒன்றுதான். அவர்களுக்குக் குட்டி இல்லை. கரைமேல் போகிற மனிதர்கள், "அதோ பார், கீரிப்பிள்ளை" என்பார்கள். அந்தச் சொல்லின் பின்பாதி மருதாயிக்கு உறுத்தும். சடையனுக்கும் உறுத்தும். ஆனால் அவன் அதைச் சொல்ல மாட்டான். பாம்பு பிடிக்கப் போய்விடுவான்.

சித்திரை மாதத்தில் ஒரு நாள், வாசலுக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்த வேரில் ஒரு கதண்டு வந்து உட்கார்ந்தது. குளவிகளில் பெரியது கதண்டு. கருத்த உடம்பு, வயிற்றைச் சுற்றி ஒரு மஞ்சள் பட்டை. அது மரப்பட்டையைச் சுரண்டியது, வாயில் போட்டு மென்றது, எச்சிலில் குழைத்து வேரில் அப்பியது. போனது, வந்தது, அப்பியது. சடையன் கவனிக்கும்போது அங்கே எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு கூடு தொங்கிக்கொண்டிருந்தது.

"யாரும்மா நீ?" என்றான்.

"நான் ஒருத்திதாங்க. சின்ன இடம் போதும். மழைக்கு மறைவா இருக்கு" என்றது கதண்டு.

பணிவாகத்தான் சொன்னது. பொய்யும் இல்லை. அன்றைக்கு அது ஒருத்திதான்.

வேறு இடம் பார்த்துக்கொள்ளும்படி சடையன் சொன்னான். கதண்டு தலையாட்டிவிட்டு மென்றுகொண்டே இருந்தது. சடையன் முன்னங்காலைத் தூக்கினான். ஒரே தட்டு. அதோடு கூடும் முடிந்திருக்கும், இந்தக் கதையும் முடிந்திருக்கும்.

"ஐயையோ! தொடாதே! தொடாதே! தொடாதே!"

கத்தியது ஆள்காட்டிக் குருவி. ஏரியின் காய்ந்த தரையில் அதற்கு வீடு. எதையும் மூன்று முறை சொல்லும். நாய் வந்தாலும் கத்தும், நாய் வராவிட்டாலும் ஏன் வரவில்லை என்று கத்தும்.

"என்னக்கா?" என்றான் சடையன். கால் தூக்கினபடியே இருந்தது.

"குளவி வீட்டுல கூடு கட்டினா அந்த வீட்டுல பிள்ளை பிறக்கும்! இது தெரியாதா உனக்கு? வந்த பாக்கியத்தைத் தட்டிவிடப் பாக்கறியே!"

அதற்கு ஆள்காட்டி சாட்சியும் சொன்னது. ஊருக்குள் ஒரு ஓட்டு வீட்டுச் சுவரில் குளவி கூடு கட்டியதாம். வெள்ளையடிக்க வந்தவர்களிடம் அந்த மூலையை மட்டும் தொடவேண்டாம் என்று வீட்டுக்காரம்மா சொல்லிவிட்டாளாம். அடுத்த வருஷமே மருமகளுக்கு ஒரு பிள்ளையாம். இரண்டாம் முறை சொல்லும்போது அது இரட்டைப் பிள்ளையானது. மூன்றாம் முறை சொல்லும்போது மூன்று.

மருதாயி வளைக்குள்ளிருந்து தலையை நீட்டினாள்.  சடையனுடைய தூக்கின காலைப் பார்த்தாள். பிறகு அவன் முகத்தைப் பார்த்தாள்.

சடையன் காலை இறக்கிக்கொண்டான்.

செய்தி கரை முழுக்கப் பரவியது. கொக்குகள் வந்தன. முயல்கள் குடும்பத்தோடு வந்தன. ஓர் ஆமை கேள்விப்பட்ட அன்றே கிளம்பி, கூடு விளாம்பழம் அளவு வளர்ந்த பிறகு வந்து சேர்ந்தது. மரியாதைக்காக எல்லோரும் தள்ளி நின்றே பார்த்தார்கள். அங்கிருந்து பார்த்தால் இறக்கை தெரிந்தது, இடுப்பு தெரிந்தது. குளவிதான் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். கிட்டே போய் யாரும் பார்க்கவில்லை. கிட்டே போவது மரியாதை இல்லை என்று ஆள்காட்டி சொல்லியிருந்தது.

கூடு தேங்காய் அளவானது. வீட்டில் சில பழக்கங்கள் மாறின. வாசலில் ஓடக்கூடாது. உரக்கப் பேசக்கூடாது. பாம்பை உள்ளே இழுத்துவரக் கூடாது, வால் வேரில் பட்டுவிடும். இதையெல்லாம் மருதாயி சொன்னாள், சடையன் கேட்டுக்கொண்டான். எப்போதும் ஒரே எட்டில் வீட்டுக்குள் பாய்கிறவன், வயிறு தரையில் தேய ஊர்ந்து போனான்.

ஒரு நாள் வாசலில் அவனுக்குத் தும்மல் வந்துவிட்டது. மூக்கில் கொட்டு விழுந்தது. மூக்கு கத்தரிக்காய் மாதிரி ஆனது.

"மூக்குல கொட்டினா ஆண் குட்டி!" என்றது ஆள்காட்டி. அப்படி ஒரு வழக்கம் அதுவரை எங்கும் இருந்ததில்லை. அன்றிலிருந்து இருந்தது.

ஆடியில் கூடு தண்ணீர்ப் பானை அளவானது. வாசலில் பாதியை அது அடைத்துக்கொண்டது. முதலில் வந்த ராணிக் கதண்டு இப்போது வெளியே வருவதில்லை. காவலுக்குப் புதியவர்கள் இருந்தார்கள். ஒரு சாயங்காலம் சடையன் வீடு திரும்பியபோது அவர்களில் ஒன்று வழியை மறித்தது.

"யாரு?"

"வீட்டுக்காரன்."

"எந்த வீட்டுக்காரன்?"

"இந்த வீட்டுக்காரன்தான். நீ யாரு?"

"நான் நேத்துப் பிறந்தேன். இங்கேயே பிறந்தவன். நீங்க இங்கேயா பிறந்தீங்க?"

சடையன் மடைக்கு அந்தப் பக்கம் பிறந்தவன். அதை அவன் சொல்லிக்கொள்ளவில்லை. அன்று வேலிக்காத்தான் புதரில் படுத்துக்கொண்டான். மறுநாளும் அங்கேயே படுத்தான். பிறகு அதுவே அவன் இடமாகிவிட்டது. பாம்போடு மோதுகிறவன் பூச்சிக்குப் பயப்படலாமா என்று முயல் கேட்டது. பாம்புக்கு வாய் ஒன்று என்றான் சடையன்.

ஆவணியில் மருதாயி கர்ப்பமானாள்.

ஆள்காட்டிக்குத் தரையில் கால் பாவவில்லை. "சொன்னேனா இல்லையா! சொன்னேனா இல்லையா! சொன்னேனா இல்லையா!" என்று ஏரியைச் சுற்றிச் சுற்றிப் பறந்தது. அதுவரை அரைகுறையாக நம்பியிருந்தவர்களும் முழுதாக நம்பினார்கள். இரண்டு கொக்குகள் தங்கள் மரத்திலும் ஒரு குளவி வந்து கட்டாதா என்று ஏங்கின. சடையன்கூட வீங்கி வடிந்த மூக்கைத் தடவிக்கொண்டு, சரி, பரவாயில்லை என்று நினைத்தான்.

வயிறு பெருக்கப் பெருக்க மருதாயியின் நடை மாறியது. கனத்த நடை. அவள் உள்ளே போகும்போது வேர் அதிர்ந்தது. அந்த நடை காவல் கதண்டுகளுக்குப் பழக்கமில்லை. முதுகில் இரண்டு கொட்டு. அவள் வயிற்றை மறைத்துக்கொண்டு பின்வாங்கினாள். அதோடு அவளும் வெளியே வந்துவிட்டாள்.

கரையின் சரிவில், நாணலுக்கு நடுவே ஒரு பள்ளம் பார்த்துப் படுத்தாள். சடையன் பக்கத்தில் காவல் இருந்தான். மேலே அவர்களுடைய வீடு காய்ந்து, கதகதப்பாக, காலியாக இருந்தது.

ஐப்பசி பிறந்தது. முதல் மழை பெய்தது. எலிகள் வயல் பக்கம் போயின. மறுநாள் நாணலின் அடியில் தண்ணீர் மினுமினுத்தது. மருதாயிக்கு மாதம் நெருங்கிவிட்டது. கண் திறக்காத குட்டிகளை ஈரத்தில் போட்டால் பிழைக்காது. கரையில் மற்ற வளை எல்லாமே பள்ளத்தில் இருந்தது.

சடையன் வளைக்குப் பின்வாசல் தோண்டப் போனான். பின்னால் கரையைக் கட்டிய கருங்கல். நகம் இரண்டு போனதுதான் மிச்சம். புகை போட்டால் குளவி ஓடிவிடும் என்றது ஒரு தவளை. நெருப்பை யார் கொண்டுவருவது என்று சடையன் கேட்டான். தவளை தண்ணீருக்குள் போய்விட்டது.

அவன் தண்ணீர் ஓரமாக உட்கார்ந்திருந்தபோது, ஈரமண்ணில் ஒரு குளவி வந்து இறங்கியது. ஒல்லியான குளவி. இடுப்பு நூல் மாதிரி. மண்ணை உருட்டிக்கொண்டிருந்தது. சடையனுக்கு ஆத்திரம் வந்தது.

"உங்க ஆளுங்க எங்க வாசலை அடைச்சுக்கிட்டு எங்களையே கொட்டறாங்க. நீயாவது கொஞ்சம் சொல்லக்கூடாதா?"

குளவி மண்ணுருண்டையைக் கீழே வைத்துவிட்டு மேலே பார்த்தது.

"அதுவா? அது கதண்டு. எங்க ஆளு இல்லை. நான் மண்ணுல கட்டுவேன். அது மரப்பட்டையை மென்னு கட்டும். நான் தனியா இருப்பேன். அது ஊரையே கூட்டிட்டு வரும். கிட்ட போய்ப் பாக்கலையா நீங்க?"

"மரியாதைக்காக எல்லாரும் தள்ளி நின்னாங்க. நாங்க குனிஞ்சே போனோம்."

"சரிதான்."

"அப்ப, குளவி கட்டினா பிள்ளை பிறக்கும்னு மனுஷங்க சொல்றது?"

"அவங்க சொல்றது என் மண்கூட்டைத்தான். ஏன் சொல்றாங்கன்னு எனக்கும் தெரியலை, தம்பி. நான் ஒரு முட்டை வைப்பேன், தின்னறதுக்கு ஒரு புழுவை வைப்பேன், வாயை மண்ணால அடைச்சிட்டுப் போயிடுவேன். என் பிள்ளை பிறக்கறப்பவே நான் அங்க இருக்க மாட்டேன். இதுல அடுத்தவங்க பிள்ளைக்கு நான் எங்க வர்றது?"

உருண்டையை எடுத்துக்கொண்டு அது பறந்துவிட்டது. அதற்கு வேலை இருந்தது.

சடையன் நேராகப் பனைமரத்துக்குப் போனான். அதன் உச்சியில் தேன்பருந்து உட்கார்ந்திருந்தது. தேனீக் கூட்டையும் கதண்டுக் கூட்டையும் பிய்த்து, உள்ளே இருக்கும் புழுவைத் தின்பதுதான் அதன் பிழைப்பு. முகத்தில் செதில்மாதிரி அடர்ந்த இறகு. கொட்டினால் ஏறாது. சடையன் நடந்ததைச் சொன்னான். பருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டது.

"எலுமிச்சம்பழம் அளவு இருந்தப்ப நீ என்ன பண்ணினே?"

"காலைத் தூக்கினேன், ஐயா."

"அப்புறம்?"

"இறக்கிட்டேன்."

பருந்து அலகை மட்டையில் தீட்டிக்கொண்டது. அந்த அளவில் கூடு கீரியின் வேலை என்றும், பானை அளவில்தான் தன் வேலை என்றும் சொன்னது. நாளை மத்தியானம் வருவதாகச் சொன்னது. நிபந்தனை ஒன்று: கூட்டைப் பிய்க்கும்போது கரையில் யாரும் ஓடக்கூடாது, பறக்கக்கூடாது, கத்தக்கூடாது. கோபத்தில் இருக்கும் கதண்டு அசைகிறதைத்தான் துரத்தும். அடங்க மறுநாள் ஆகும், அதுவரை யாரும் மரத்தை அண்டக்கூடாது.

கிளம்பும் முன் சடையன் தயங்கினான். வீட்டில் குட்டிகள் பிறக்கப்போகின்றன என்றான்.

"பயப்படாதே. கீரிக்குட்டியில ரோமம் ஜாஸ்தி, எனக்குத் தொண்டையில இறங்காது" என்றது பருந்து.

சடையன் திரும்பி வந்து மருதாயியிடம் எல்லாவற்றையும் சொன்னான். ஆள்காட்டியும் பக்கத்திலிருந்து கேட்டது. அதற்கு இறக்கை சிலிர்த்துக்கொண்டது. கொடுத்த கூட்டைக் கலைத்தால், கொடுத்த பிள்ளையும் போகும் என்றது. வயிற்றில் இருப்பது யார் போட்ட பிச்சை என்று கேட்டது. மூன்று முறை கேட்டது.

மருதாயி எழுந்தாள். "நானே போய்க் கேட்டுட்டு வரேன்" என்றாள்.

சரிவில் மெதுவாக ஏறினாள். வேர் அதிராமல் ஒவ்வொரு காலாக எடுத்து வைத்தாள். சித்திரையிலிருந்து அதன் அடியில் தலைகுனிந்தே போய்வந்தவள், முதல் தடவையாகக் கூட்டைக் கிட்டே நின்று நிமிர்ந்து பார்த்தாள். மண் இல்லை. சருகுமாதிரி மெல்லிய, மென்று அப்பிய பட்டை. பழுப்பும் வெள்ளையுமாக வரிவரியாக அழகாகத்தான் இருந்தது. ராணியம்மாவைப் பார்க்கவேண்டும் என்று காவல் கதண்டிடம் சொன்னாள். கொஞ்ச நேரம் கழித்துக் கூட்டின் துவாரத்தில் ராணியின் தலை தெரிந்தது. வயதாகியிருந்தது.

"நீ வந்ததாலயா எனக்குப் பிள்ளை உண்டாச்சு?" என்றாள் மருதாயி.

ராணி அவளை உற்றுப் பார்த்தது.

"உன் பேரே எனக்குத் தெரியாதும்மா. இடம் மழைக்கு மறைவா இருந்துச்சு, வந்தேன். அதை அப்பவே சொன்னேனே."

சொல்லியிருந்தது. மருதாயியும் உள்ளே இருந்து கேட்டிருந்தாள்.

"நாளைக்கு மத்தியானம் பருந்து வருது. கிளம்பிடு."

"உள்ள இருக்கறது எல்லாம் இன்னும் இறக்கை முளைக்காதது. அதுகளை விட்டுட்டு எங்க போறது? நீ போவியா?"

மருதாயி தன் வயிற்றைப் பார்த்தாள். 

"சித்திரையிலேயே போகச் சொல்லி ஒரு தட்டு தட்டியிருந்தா போயிருப்பேன்" என்றது ராணி. "அப்ப நான் ஒருத்திதானே."

மருதாயி இறங்கி வந்தாள். பருந்தை வரச்சொல்லும்படி சடையனிடம் சொன்னாள். 

மறுநாள் பருந்து வந்தது. கரையில் எல்லோரும் தரையோடு தரையாகக் கிடந்தார்கள். முயல் மூச்சுவிடவில்லை. ஆமைக்கு இது சுலபமாக இருந்தது. பருந்து வேரில் உட்கார்ந்து, கூட்டின் மேல்பட்டையைப் பிய்த்துப் போட்டது. கதண்டுகள் கரும்புகைமாதிரி எழுந்தன. பருந்தின் முகத்தில் மோதின, மோதி விழுந்தன. அது கண்ணை மூடிமூடித் திறந்து, பிய்த்துக்கொண்டே இருந்தது. அடுக்கடுக்காகப் புழு நிறைந்த அடைகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு பனைமரத்துக்குப் போனது, வந்தது.

ஆள்காட்டி பல்லைக் கடித்துக்கொண்டுதான் இருந்திருக்கும், பல் இருந்திருந்தால். ஆனால் பருந்தைப் பார்த்து ஓர் ஆள்காட்டி எவ்வளவு நேரம் சும்மா இருக்க முடியும்?

"பருந்து! பருந்து! பரு..." என்று எழுந்து பறந்தது.

மூன்றாவதை அது முடிக்கவில்லை. கதண்டுகள் ஏரியின் மறுகரை வரை அதைத் துரத்திக்கொண்டு போயின.

மாலையில் வேர் வெறுமையாக இருந்தது. ராணி மட்டும் அதில் உட்கார்ந்திருந்தது. கூடு ஒட்டியிருந்த தடத்தைச் சுற்றி ஒரு முறை நடந்தது. பிறகு பறந்து போனது. நாணலுக்குள்ளிருந்து மருதாயி அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வா, படுத்துக்கொள் என்று சடையன் இரண்டு முறை கூப்பிட்டான்.

அடுத்த நாள் முழுக்கக் காத்திருந்தார்கள். மரத்தைச் சுற்றிக்கொண்டு மிச்சம் இருந்த கதண்டுகள் ஒவ்வொன்றாகக் கலைந்தன. தண்ணீர் நாணல் பள்ளத்துக்குள் வந்து மருதாயியின் வாலைத் தொட்டபோது, இருவரும் சரிவில் ஏறினார்கள். வாசலில் யாரும் யாரென்று கேட்கவில்லை. மழை கொட்டத் தொடங்கியது. வளைக்குள் மருதாயி இரண்டு குட்டி போட்டாள். இரண்டும் பெண்.

ஆள்காட்டி கரை முழுக்க மூன்று என்று சொல்லிக்கொண்டிருந்தது. அதற்கு ஒரு கண் இன்னும் வீங்கியிருந்தது. கதண்டு ஆகவே ஆகாது என்று தான் ஆரம்பத்திலேயே எச்சரித்ததாகவும் சொன்னது. யாரும் மறுக்கவில்லை. மறுத்தால் அதை இன்னும் இரண்டு முறை கேட்கவேண்டும்.

தை மாதத்தில் வளையின் உட்சுவரில் எதுவோ ஒட்டியிருந்தது. கட்டைவிரல் அளவு. எட்டிப்பார்த்த ஆள்காட்டி அலறியது.

"குளவிக் கூடு! உடைங்க! உடைங்க! உடைங்க!"

சடையன் பாய்ந்து வந்து முன்னங்காலைத் தூக்கினான்.

"இருங்க" என்றாள் மருதாயி.

அவள் கிட்டே போனாள். முகர்ந்தாள். மண். உள்ளே கூட்டம் இல்லை, காவல் இல்லை. ஒல்லிக் குளவி எப்போதோ வாயை அடைத்துவிட்டுப் போயிருந்தது. "இது இருக்கட்டும்" என்றாள். குட்டிகள் அதன் அடியிலேயே படுத்துத் தூங்கின.

சித்திரையில் வாசல் வேரில் மறுபடியும் ஒரு கருத்த பூச்சி வந்து மென்றுகொண்டிருந்தது. சுண்டைக்காய் அளவுக்கு அப்பியிருந்தது.

"நான் ஒருத்திதாங்க. சின்ன இடம் போதும்" என்றது.

ஆள்காட்டி வாயைத் திறப்பதற்குள் மருதாயி கிட்டே போய்ப் பார்த்துவிட்டாள்.

"இங்க வேண்டாம்மா" என்றாள். குரல் பணிவாகத்தான் இருந்தது. "ஏரிக்கு அந்தப் பக்கம் யாரும் இல்லாத பனை நிறைய இருக்கு. இப்பவே போயிடு. இப்ப போனா உனக்கு நஷ்டம் ஒண்ணுமில்லை."

சொல்லிவிட்டு, உள்ளே முட்டை எதுவும் விழுவதற்கு முன்னால், முன்னங்காலால் கூட்டை ஒரே தட்டு தட்டினாள். கதண்டு முணுமுணுத்துக்கொண்டே ஏரியைத் தாண்டிப் பறந்தது. அங்கே ஒரு மொட்டைப் பனையில் பெரிதாகக் கூடு கட்டி, கூட்டத்தோடு நன்றாக வாழ்ந்தது.

வாசலுக்கு வந்தது நல்லதா கெட்டதா என்று ஊரைக் கேட்டுக்கொண்டிருக்காமல், அது என்ன என்று கிட்டே போய்ப் பார்த்து, சிறியதாக இருக்கும்போதே முடிவு செய்துவிட்டால், நமக்கும் சேதமில்லை, அதற்கும் சேதமில்லை.